பொறுமை தீரும் வேளைக்குப் பயனுள்ள குறிப்புகள்

வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை, அடிபிடித்த பால் சட்டி, மழைக்காலத்தில் காயாத துணி என்று எதற்கெடுத்தாலும் நம் பத்திரிகைகளில் குறிப்புக்குப் பஞ்சமில்லை. காலை எட்டரைக்குப் பள்ளி வேன் தெருமுனையில் ஹார்ன் அடிக்கிறது, ஒரு கால் ஷூவைக் காணோம் என்று பிள்ளை நிற்கிறது, அடுப்பில் தாளிப்பு கருகுகிறது. அந்த நேரத்தில் நம் வாய்வரைக்கும் வந்து நிற்கும் சொல்லுக்குத்தான் யாரும் குறிப்பு எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தாழ்மையைப் பற்றியும் நீடிய பொறுமையைப் பற்றியும் பிரசங்கம் கேட்கிறோம். ஐயர் இன்றைக்கு நன்றாகப் பேசினார் என்று சொல்லிக்கொண்டே வெளியே வருகிறோம். வாசலில் நம் வண்டிக்குக் குறுக்கே யாரோ வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். பிரசங்கம் அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது.

முதலில் மனசு மாறட்டும், பிறகு நடத்தை தானாக மாறும் என்று காத்துக்கொண்டிருந்தால் ஆயுசு போய்விடும். கறையை எடுக்க நல்லவராக இருக்க வேண்டியதில்லை. எலுமிச்சம்பழமும் வெயிலும் இருந்தால் போதும். அதுபோலக் கைக்கும் வாய்க்கும் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டால், மனசு மெதுவாகப் பின்னால் வரும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தாழ்மை என்பது நம் வீடுகளில் மருமகளுக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும், கடைசித் தம்பிக்கும் ஒதுக்கிவைத்த பாடமாக ஆகிவிட்டது. “நீதான் பொறுத்துப் போகணும்” என்ற வாக்கியம் எப்போதும் மேலிருந்து கீழே போகிறது. யோவான் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கால் கழுவ எழுந்தவர் அந்த அறையிலேயே பெரியவர். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்திலும் மேலே இருந்தவர்தான் இறங்கி வருகிறார். ஆகவே, அந்தந்த நேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்தான் முதலில் குனிய வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் இந்தக் கணக்கை வைத்து எழுதியவை.

1. எந்தச் சண்டைக்கும் முன்னால் வயிற்றைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், செத்துப்போகிறேன் என்கிறார். தேவதூதன் வந்து புத்திமதி சொல்லவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. பேச்சுவார்த்தை எல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான். பிள்ளையின் மார்க் ஷீட்டையும் கணவரின் மறந்துபோன கரண்ட் பில்லையும் மாலை ஆறு மணிக்கு, அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே எடுத்து நீட்டாதீர்கள். ஒரு தட்டு சுண்டலுக்கு அப்புறம் அதே விஷயத்தை எடுத்தால் பாதிக் குரலில் பேசி முடித்துவிடலாம்.

2. குழம்பில் உப்பு கூடிவிட்டதா? வெந்த பருப்போ தேங்காய்ப்பாலோ சேர்த்து அளவைக் கூட்டினால் சரியாகும். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பதில் பாதிதான் உண்மை. அது உப்புத் தண்ணீரைத்தான் இழுக்கும். மிச்சக் குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். இது சமைக்கிறவருக்கு. சாப்பிடுகிறவருக்கு: முகத்தைச் சுளிக்காமல் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் அடுக்களைக்குப் போய் மெதுவாகச் சொல்லுங்கள், மற்றவர் இலையில் விழுவதற்கு முன்னால். சமைத்தவர் கடைசியில்தான் உட்காருவார் என்பது ஞாபகமிருக்கட்டும்.

3. வேலைக்கு வரும் அக்கா கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டார். “கையில குத்திருச்சா?” என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். இதைக் கோபம் இல்லாத ஒரு நாளில் வாயால் சொல்லிப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது தானாக வரும். டம்ளர் விலையைச் சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அதைச் செய்கிறவர்கள் இந்தக் குறிப்புகளைப் படிக்கமாட்டார்கள். படிக்கிறவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: அந்த அக்கா எந்த டம்ளரில் காபி குடிக்கிறார்? அடுக்களை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்த தனி எவர்சில்வர் டம்ளரிலா? திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளே சாதிக்கு ஒரு பக்கமாகச் சனங்களைப் பிரித்துவைத்த சுவரை 1910இல் இடித்தார்கள். அதற்கு எத்தனை வம்பு, எத்தனை வழக்கு! வீட்டுக்குள்ளே அந்த வேலை மிகவும் சுலபம். ஜன்னல் ஓரத்து டம்ளரை எடுத்து மற்றவற்றோடு ஸ்டாண்டில் மாட்டினால் தீர்ந்தது.

4. கேஸ் சிலிண்டர் சொன்ன நாளில் வரவில்லை. வந்தபோது நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள், அவர் நாலு முறை பெல் அடித்துவிட்டார். கதவைத் திறந்ததும் கணக்குத் தீர்க்கத் தோன்றும். வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு அதைத் தோளில் சுமந்து வந்தவர் உங்கள் முன் மூச்சு வாங்க நிற்கிறார். முதலில் தண்ணீர். பிறகு எடையும் சீலும் சரிபார்க்கலாம். அது உங்கள் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள் என்று இருபது நிமிடம் போன பிறகு ஒரு மனிதக் குரல் கிடைக்கிறது. அந்தக் குரலுக்கு உரிய பிள்ளை உங்கள் பணத்தைப் பிடித்துவைக்கவில்லை. அந்தப் பாட்டையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பேர் சொன்னால் குறித்துக்கொண்டு, அந்தப் பேரைச் சொல்லியே பேசுங்கள். “தம்பி, உங்கமேல கோபம் இல்ல, நடந்த விஷயத்துமேலதான் கோபம்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் குரல் இறங்கும். புகார் எண்ணையும் தேதியையும் விடாமல் எழுதி வாங்குங்கள். சாந்தமாகப் பேசுகிறவர் புகாரை விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

6. கார் பின்கண்ணாடியில் வசனம் ஒட்டியிருப்பவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக ஹார்ன் அடிக்கக் கடமைப்பட்டவர்கள். சிக்னலில் பச்சை விழுந்த மறுநொடியே முன்னால் நிற்கும் பெரியவரின் டிவிஎஸ் 50ஐ ஹார்னால் தள்ளப்போவதாக இருந்தால், தயவுசெய்து ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள்.

7. வாட்ஸாப் குடும்பக் குழுவில் மச்சினன் ஏதோ குத்தலாகப் போட்டிருக்கிறார். பதிலை அந்தப் பெட்டியில் தட்டச்சு செய்யாதீர்கள். விரல் தவறிப் போய்விடும். நோட்ஸில் எழுதுங்கள், எவ்வளவு காரமாக வேண்டுமானாலும். மறுநாள் காலை படித்துப் பார்த்து, அதை அவர் எதிரே உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க முடியும் என்றால் அனுப்பலாம். வாய்ஸ் மெசேஜ் அறவே கூடாது. எழுத்தில் மறைகிற எகத்தாளம் குரலில் மறையாது. அதை அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டும் கேட்பார்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? 15 நிமிடத்துக்குள் என்றால் திருத்த வசதி இருக்கிறது.

8. சின்னச் சின்னச் சத்தங்கள். மாமனார் தொண்டையைச் செருமும் சத்தம், மாடி வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், பக்கத்துத் தெரு ஒலிபெருக்கி (அது நம் கோயில் ஒலிபெருக்கியாகவும் இருக்கலாம்), ஆராதனையில் பின் இருக்கையில் ஒருவர் பிளாஸ்டிக் பையைப் பிரிக்கும் சத்தம். பெரிய துன்பங்களில் தைரியமாக நிற்கிறவர்களைக்கூட இவை வீழ்த்திவிடும்.

இந்த விஷயத்தில் கைகண்ட நிபுணர் என்றால் பிரான்சில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் இருந்த குழந்தை தெரேசம்மாள்தான் (1873–1897). பதினைந்து வயதில் மடத்துக்குள் போய், இருபத்துநான்கு வயதில் காசநோயால் இறந்துபோனவர். போருக்குப் போகவில்லை, கடல் கடந்து ஊழியத்துக்கும் போகவில்லை. அவர் தன் வாழ்க்கைக் கதையில் எழுதிவைத்த சோதனைகள் எல்லாம் நம் வீட்டுச் சோதனைகள்தான். தியான நேரத்தில் அவருக்குப் பின்னால் உட்காரும் சகோதரி ஒருவர் ஓயாமல் ஒரு விநோதச் சத்தம் எழுப்புவாராம். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் அடங்கிவிடும். அந்தப் பார்வையைப் பார்க்காமல் இருப்பதற்குள் இவருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. காதில் விழாமல் இருக்கச் செய்வது முடியாது என்று கண்டு, கடைசியில் அந்தச் சத்தத்தையே நல்ல சங்கீதம்போல ஊன்றிக் கேட்க ஆரம்பித்தார்.

இன்னொன்று துணி துவைக்கும் இடத்தில். எதிரே நின்று கைக்குட்டை துவைப்பவர், ஒவ்வொரு அடிக்கும் அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெளிக்கிறார். பின்னுக்கு நகர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டால் எதிராளிக்குப் புரியும் என்று முதலில் தோன்றியதாக எழுதுகிறார். பிறகு துடைக்கவில்லை. முகத்தைத் துடைக்கிற விதத்திலேயே ஒருவரைக் குத்திக்காட்ட முடியும் என்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! நம் வீடுகளில் அதற்குப் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைப்பது, உச்சுக்கொட்டுவது, ஃபேன் சுவிட்சைத் தட்டுவது என்று பல வடிவங்கள். அவற்றை விடுவதுதான் குறிப்பு. கேட்டுச் சரிசெய்யக்கூடிய சத்தம் என்றால், சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு தடவை நேரே கேளுங்கள். கேட்டும் நிற்கவில்லையென்றால் தெரேசம்மாள் வழி.

9. வயதானவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்: “இன்னிக்கு என்ன கிழமை?” மறதி நோய் இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் முதல் தடவை, கேட்டோம் என்ற நினைவே தங்கியிருக்காது. “இப்பத்தானே சொன்னேன்” என்று சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்குப் புதிதாக ஒரு அவமானம், உங்களுக்குப் பழைய எரிச்சல். பதிலைச் சின்னதாகச் சொல்லுங்கள். கட்டிலுக்கு எதிரே பெரிய எழுத்து நாள்காட்டியும், அன்றைக்கு வரப்போகிறவர் பேர் எழுதிய ஒரு சிலேட்டும் மாட்டிவையுங்கள். பாதிக் கேள்வி அதிலேயே அடங்கும். மிச்சப் பாதியை வீட்டில் இருக்கிற எல்லோரும் முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளின் பொறுமையில் நடக்கிற பராமரிப்பு ரொம்ப நாளைக்குத் தாங்காது. அந்த ஆள் அநேகமாக மருமகளாக இருப்பார்.

10. குடும்ப ஜெபத்தில் யாரையும் அடிக்காதீர்கள். இது நம்மவர்கள் நன்றாகத் தேர்ந்த கலை. பகலில் மகளோடு வாக்குவாதம், ராத்திரி பாயை விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, கண்ணை மூடியதும் அப்பா ஆரம்பிப்பார்: “பெரியவங்க சொல்லுக்குக் கீழ்ப்படியாத பிள்ளைகளை நீர் தொட்டருளும் ஆண்டவரே, செல்போனுக்கு அடிமையாகிக் கிடக்கிற இருதயங்களை நீர் உடைத்தருளும்.” கண்ணை மூடியிருக்கிற எல்லோருக்கும் அது யாருடைய இருதயம் என்று தெரியும். எதிர்த்துப் பேச முடியாது, எழுந்து போக முடியாது, கடைசியில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். இதைவிட வசதியான மேடை வேறு எங்கே கிடைக்கும்? லூக்கா 18இல் வருகிற பரிசேயனும் இதைத்தான் செய்தான். நின்று ஜெபம் பண்ணும்போதே தூரத்தில் நின்ற ஆயக்காரனைச் சுட்டிக்காட்டினான்.

மாற்றுவழி இருக்கிறது. அன்றைக்கு யாரோடு மனஸ்தாபமோ, அவர் பேரை ஜெபத்தில் நன்றி சொல்வதற்கு மட்டும் எடுங்கள். வேண்டுதல் எல்லாம் உங்களைப் பற்றியதாக இருக்கட்டும். “எனக்கு நிதானத்தைத் தாரும்” என்று அப்பா வாய்விட்டுக் கேட்பதைப் பிள்ளைகள் கேட்பது நல்லது. சண்டைக்கு நடுவில் “உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று சொல்வதற்கும் தடை. நோயாளி வீட்டில் போய் நின்று “விசுவாசம் குறைஞ்சுபோச்சோ” என்று கேட்பதற்கு இருமடங்குத் தடை.

11. அசனத்தில் வாளியைத் தூக்குங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில்களில் அசனம் என்றால் ஊரே சாப்பிடும். சாதி, மதம் பார்க்காமல் பந்தி பந்தியாக இலை விழும். கொட்டகையில் போய்ப் பாருங்கள்: சாப்பிடுகிறவர் கடைசி உருண்டையை வாயில் வைக்குமுன் அவர் நாற்காலி முதுகை ஒரு கை பிடித்திருக்கும். அந்தக் கைக்கு உரியவர் போன வாரம் லூக்கா 14ஆம் அதிகாரத்தை, விருந்தில் முதலிடம் தேடாதே என்ற பகுதியை, ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தவராக இருப்பார். எனக்குப் பந்தியை முந்துவதில் பெரிய ஆட்சேபம் கிடையாது. பசி பொல்லாதது, கறிக்குழம்பு தீர்ந்துவிடும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் உட்காரத் துடிக்கும் அந்த நேரத்தில் சோற்று வாளியையோ தண்ணீர் ஜக்கையோ கையில் எடுத்துவிட்டால் உடம்பு வேறு ஆளாகிவிடுகிறது. மேலே இருந்து தலைகளைப் பார்த்தவர் இப்போது குனிந்து இலைகளைப் பார்க்கிறார். எந்த இலையில் சோறு தீர்ந்தது, எந்தப் பாட்டி கறியை எடுத்துப் பேரன் இலையில் வைத்தார், எந்தப் பையன் மறுசோறு கேட்கக் கூச்சப்பட்டு விரலால் இலையைத் தடவுகிறான் என்பதெல்லாம் கண்ணில் படும். கடைசிப் பந்தியில் கறி இருக்காது. சோறும் ரசமும் இருக்கும், ருசியாகவும் இருக்கும்.

12. கோயிலுக்கு ஃபேன் வாங்கிக்கொடுத்தால் இறக்கையில் பேர் எழுதாதீர்கள். சுற்றும்போது படிக்க முடியாது, நின்றால் மட்டும் தெரியும். அதாவது கரண்ட் போய் எல்லோரும் வேர்த்து வழிகிற நேரத்தில் உங்கள் பேரைப் படிப்பார்கள். டோனாவூரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்து, 1951இல் அங்கேயே இறந்த எமி கார்மைக்கேல் தன் கல்லறைமேல் கல் நாட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, அதில் “அம்மா” என்று மட்டும் பொறித்தார்கள்.

13. கமிட்டிக் கூட்டத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு எழும்பும்போது, அவர் வந்த பிறகு பேசலாம் என்று சொல்ல ஒருவராவது வேண்டும். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேட்டிஸ் வனாந்தரத்தில் துறவிகள் கூடி, தப்புச் செய்த ஒரு சகோதரனை விசாரிக்க மோசே என்ற கறுப்பினப் பெரியவருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். பின்னால் வழியெல்லாம் தண்ணீர். இது என்ன என்று கேட்டதற்கு, என் பாவங்கள் எனக்குப் பின்னால் இப்படி ஒழுகுகின்றன, எனக்குத் தெரியவில்லை, நான் இன்னொருவனை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றாராம். விசாரணை கலைந்தது. நம் கமிட்டிகளில் பணக் கணக்கு விசாரணை இப்படிக் கலையக்கூடாது, அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கலைய வேண்டியது மற்றவர் வீட்டுப் பெண்ணின் கல்யாணம், மற்றவர் மகனின் குடி பற்றிய விசாரணைகள்.

14. மன்னிப்புக் கேட்கும் முறை. எத்தனை பேர் முன்னால் திட்டினீர்களோ அத்தனை பேர் முன்னால் கேளுங்கள். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்: “அப்பா கத்துனது தப்பு.” முற்றுப்புள்ளி. “ஆனா நீயும்...” என்று ஆரம்பித்தால் அது இரண்டாவது திட்டு. பிள்ளை உடனே சிரிக்க வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் போகட்டும். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், தங்களிடம் ஒருபோதும் மன்னிப்புக் கேட்காத பெரியவர்கள்மேல் தங்களுக்கு எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

15. பவுல் எபேசியருக்குக் கோபத்துக்குக் கெடு கொடுத்திருக்கிறார்: பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கும் சண்டைக்கு மறுநாள் சாயங்காலம்வரை அவகாசம் உண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. களைத்துப்போய்ப் படுக்கையில் கிடந்து பேசித் தீர்ப்பதைவிடத் தூங்கி எழுவது சில சமயம் மேல். ஆனால் தூங்குமுன் ஒரு சாதாரண வார்த்தை பேசிவிடுங்கள். “காலைல எத்தன மணிக்கு எழுப்பணும்?” போதும். வீட்டில் பேச்சு நின்றுபோகவில்லை என்பதற்கு அத்தாட்சி அது.

16. எவராவது அவசரமாக ஓர் உதவி கேட்டு உங்கள் வேலையைக் கெடுத்தால், கேட்டதற்கு ஒரு படி கூடச் செய்து பாருங்கள். ரோமச் சிப்பாய் வழியில் போகிறவனைப் பிடித்துத் தன் மூட்டையைச் சுமக்க வைக்கலாம் என்றிருந்த காலத்தில், மத்தேயு 5இல் இயேசு, ஒரு மைல் வரச் சொன்னால் இரண்டாவது மைலும் போ என்றார். ரோம மைல் ஏறத்தாழ 1,480 மீட்டர். அரை மணிக்கும் குறைந்த நடை. முதல் மைல் அவன் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது மைலை நடக்கத் தீர்மானித்தவன் நீங்கள். வேலை அதேதான், எரிச்சல் மட்டும் பாதியாகிவிடும். மூன்றாவது, நாலாவது மைல் பற்றி அங்கே பேச்சில்லை என்பதையும் கவனியுங்கள். மாதா மாதம் கடன் கேட்கும் உறவினருக்கு இல்லை என்று சொல்லலாம். வைதுவிட்டுக் கொடுப்பதற்கு, வையாமல் இல்லை என்று சொல்வது எவ்வளவோ மேல்.

17. பிடிக்காத வேலை தினமும் வருகிறதா? பாரீஸில் கார்மேல் மடத்துச் சமையலறையில் பதினேழாம் நூற்றாண்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், முன்னாள் சிப்பாய், காலில் ஊனம், சமையல் வேலை சுத்தமாகப் பிடிக்காதவர். அந்த அடுக்களையில் பதினைந்து வருஷம் இருந்தார். சட்டி உருட்டுகிற நேரத்துக்கும் ஜெப நேரத்துக்கும் தனக்கு வித்தியாசம் இல்லாமல் போயிற்று என்று சொன்னார். நமக்கு அவ்வளவு வேண்டாம். பாத்திரம் துலக்கும்போது யார் சாப்பிட்ட தட்டோ அவருக்காக ஒரு நொடி வேண்டிக்கொண்டால், தட்டை அறையாமலாவது வைப்போம்.

18. இத்தனையும் படித்துவிட்டு நாளைக் காலையே கத்திவிடுவீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஜெனீவாவின் ஆயராக இருந்த பிரான்சிஸ் சலேசியார், 1609இல் வெளிவந்த தன் பக்தி நூலில், கோபப்பட்டதற்காக நம்மேலேயே கோபப்படுவதைக் கண்டிக்கிறார். அந்தக் கோபமும் அதே ஆணவத்தில் பிறந்ததுதான், நானா இப்படிச் செய்தேன் என்ற ஆச்சரியம்தான் அதன் வேர் என்பது அவர் கருத்து. தடுக்கி விழுந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நம்மை நாமே தூக்கிக்கொண்டு, 14ஆம் குறிப்புக்குப் போக வேண்டியதுதான்.

19. இந்தக் குறிப்புகளில் ஒன்றுகூட அடி விழுகிற வீட்டுக்கு எழுதியது அல்ல. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடமும், சாப்பாட்டை நிறுத்திவைக்கும் மாமியாரிடமும், பிள்ளைகளின்மேல் தகாத விதமாகக் கைவைக்கும் எவரிடமும், அவர் எவ்வளவு பெரிய சபைப் பொறுப்பில் இருந்தாலும், தாழ்ந்து போ, சிலுவையைச் சும என்று ஆலோசனை சொல்கிறவர் பாவம் செய்கிறார். யோவான் 18இல் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, ஏன் என்னை அடிக்கிறாய் என்று இயேசு அவனை நேரே கேட்டார். நம் நாட்டில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. பெண்கள் உதவி எண் 181. பிள்ளைகளுக்கு 1098. முதியோருக்கு 14567. மூன்றுக்கும் கட்டணமில்லை. இந்த எண்களைக் கோயில் அறிவிப்புப் பலகையில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டச் சொல்லி உங்கள் ஐயரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.